பந்தயத்துக்கு முந்திய மூன்று வாரங்கள்: திருகோணமலையில் ஒரு நெடுந்தூர ட்ரையத்லன் ஆயத்தம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூர ட்ரையத்லன் ஒன்றுக்காக ஆறேழு மாதங்கள் உழைத்த ஒருவருக்கு, பந்தயத்துக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது எஞ்சியிருக்கும் மிகக் கடினமான வேலை பயிற்சியைக் குறைப்பதுதான். கடைசி நாட்களில் கூடுதலாக ஓடினால் பந்தய நாளில் கூடுதலாகத் தாங்கலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் இயல்பாகவே வருகிறது. ஆனால் இந்த மூன்று வாரங்களில் உடலுக்குக் குறிப்பிடத்தக்க புதிய வலு எதையும் ஏற்ற முடியாது. முன்பே ஏறிய வலுவை மூடிக்கொண்டிருக்கும் களைப்பை இறக்கிவைக்கத்தான் முடியும். திருகோணமலையில் வாழ்ந்து பயிற்சி செய்பவருக்கு இதனோடு இன்னொரு கேள்வியும் சேர்கிறது. பயிற்சியின் அளவைக் குறைக்கும் அதே வேளையில், வெயிலோடும் கடலோடும் உடலுக்கு ஏற்பட்டிருக்கும் பழக்கத்தை இழக்காமல் காப்பது எப்படி? பொதுவாகக் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகளில் இதற்கு விடை இருப்பதில்லை. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றுக்கும் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுக்கும் அவற்றில் இடமில்லை.

முழுத் தூரப் பந்தயத்தில் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டம், 42.2 கிலோமீற்றர் மரதன் ஓட்டம் ஆகிய மூன்றும் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக வரும். 1978 பெப்ரவரியில் ஹவாயின் ஓஹு தீவில் 15 பேருடன் தொடங்கி 12 பேர் முடித்த முதலாவது ‘அயன்மேன்’ (Ironman) பந்தயத்தின் இந்த வடிவம் பெரிதும் மாறாமல் இன்றும் தொடர்கிறது. இதன் சரிபாதியான 1.9, 90, 21.1 கிலோமீற்றர் தூரங்களைக் கொண்ட பந்தயமே நம்மவர்களுக்குப் பழக்கமானது. அந்த அரைத்தூரப் பந்தயம் கொழும்பில் முதன்முதலாக 2018 பெப்ரவரியில் காலிமுகத்திடலை மையமாகக் கொண்டு நடந்தது. முழுத் தூரத்துக்குப் பொதுவாக 17 மணித்தியாலங்களும், பாதித் தூரத்துக்கு எட்டரை மணித்தியாலங்களும் எல்லையாக வைக்கப்படுகின்றன. பாடசாலையிலோ வங்கியிலோ வைத்தியசாலையிலோ வேலை செய்துகொண்டு, அதிகாலையிலும் விடுமுறை நாட்களிலும் பயிற்சி செய்பவர்கள் இந்த எல்லைக்குள் முடிப்பதையே இலக்காகக் கொள்கிறார்கள்.

பயிற்சியைக் குறைப்பதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள, கனடாவின் எரிக் பனிஸ்டரும் அவருடைய குழுவினரும் 1975இல் முன்வைத்த ஒரு கணித மாதிரி இன்றும் உதவுகிறது. ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு தடங்களை விடுகிறது: ஒன்று வலு, மற்றையது களைப்பு. களைப்பு உடனடியாகப் பெரிதாகத் தெரிந்தாலும் விரைவாகக் கரைகிறது. வலு மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. அந்த மாதிரியில் களைப்புக் கரையும் வேகத்துக்கு ஏறத்தாழ 15 நாட்களும், வலு தேயும் வேகத்துக்கு ஏறத்தாழ 45 நாட்களும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. ஆளுக்கு ஆள் இந்த எண்கள் மாறும். ஆனாலும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் கடைசி வாரங்களின் அடிப்படை: இரண்டு மூன்று வாரங்கள் சுமையைக் குறைத்தால் களைப்பின் பெரும்பகுதி போய்விடும், வலுவில் சிறு பகுதியே குறையும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்பே வயலின் தண்ணீரை வடியவிடும் கமக்காரர், அதுவரை பாய்ச்சிய தண்ணீர் கதிரில் ஏறிவிட்டது என்பதை அறிந்தே அதைச் செய்கிறார்.

எதை, எவ்வளவு குறைப்பது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். பயிற்சிக் குறைப்பு பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் லோரன் பொஸ்கே முதலானோர் வெளியிட்ட பகுப்பாய்வு, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பயிற்சியின் மொத்த அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, பயிற்சியின் வேகத்தையும் வாரத்துக்கு எத்தனை முறை என்பதையும் குறைக்காமல் வைத்திருந்தவர்களே கூடுதல் பயன் பெற்றதைக் காட்டியது. குறைக்க வேண்டியது நேரத்தைத்தான். உச்ச வாரத்தில் 12 மணித்தியாலங்கள் பயிற்சி செய்த ஒருவர், அடுத்தடுத்த வாரங்களில் 9, 7 என்று இறங்கி, பந்தய வாரத்தில் பந்தயத்தைச் சேர்க்காமல் 4 மணித்தியாலங்களுக்குள் நின்றுகொள்ளலாம். ஆனால் அந்தக் குறுகிய பயிற்சிகளுக்குள்ளும் பந்தய வேகத்திலோ அதைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்திலோ சில நிமிடத் துண்டுகள் இருக்க வேண்டும். மெதுவாக மட்டும் ஓடிப் பத்து நாட்களைக் கழிப்பவரின் கால்கள், பந்தய நாள் காலையில் பாரமாக உணர்வது வழக்கம். ஓய்வு என்ற பெயரில் முற்றாகப் படுத்துவிடுவதும், ஓய்வை நம்பாமல் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை நீண்ட தூரம் ஓடுவதும் ஒரே அளவு கெடுதியானவை என்பது என் கருத்து.

இந்தக் குறைப்பினால் கிடைக்கும் முன்னேற்றம் பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீதம்தான். சிறிய எண்ணாகத் தோன்றினாலும், ஏழு மணித்தியாலங்களில் அரைத்தூரத்தை முடிக்கும் ஒருவருக்கு இரண்டு சதவீதம் என்பது எட்டு நிமிடங்களுக்கும் மேல். நேர எல்லைக்கு அருகில் நிற்பவருக்கு அந்த நிமிடங்களே பதக்கத்தைத் தீர்மானிக்கும்.

உடலுக்குள் அப்போது நடப்பவை பல. நீண்ட ஓட்டங்களால் தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவுகள் சீராகின்றன. தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்துச் சேமிப்பு நிரம்புகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரோடு சேர்ந்தே சேமிக்கப்படுவதால், பந்தய வாரத்தில் எடை ஒன்று அல்லது இரண்டு கிலோ கூடுவது இயல்பு. தராசைப் பார்த்துப் பதறிச் சோற்றைக் குறைப்பவர்களை அவ்வளவு வருத்தத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததை நிரப்பவேண்டிய நேரத்தில் அவர்கள் வாசலை மூடிவிடுகிறார்கள்.

மூன்று பயிற்சிகளையும் ஒரே நாளில் ஒரே விகிதத்தில் குறைப்பதும் பொருத்தமன்று. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைத் தொடைத் தசைகள் நீண்டபடியே தாங்குவதால் சிதைவு கூடுதல்; ஆகவே கடைசி நீண்ட ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சைக்கிளில் அந்த அதிர்ச்சி இல்லை என்பதால் கடைசி நீண்ட ஓட்டத்தை இரண்டு வாரங்களுக்கு முன் வைத்துக்கொள்ளலாம். நீச்சலில் நேரத்தைக் குறைக்கலாமே தவிர நாட்களைக் குறைக்கக் கூடாது. கையால் தண்ணீரைப் பற்றும் உணர்வு மூன்று நான்கு நாட்கள் நீந்தாமல் விட்டாலே மங்கத் தொடங்கும். இந்தக் கடைசி விதியிலேதான் திருகோணமலைக்காரருக்குச் சிக்கல் எழுகிறது.

கொழும்பில் பெப்ரவரியில் பந்தயம் நடந்தபோது, அதற்கு முந்திய வாரங்கள் இங்கே வாடைக் காற்றின் காலம். நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழை ஓய்ந்த பின்பும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும்; மேற்குக் கரையின் கடலோ அந்த மாதங்களில் அமைதியாக இருக்கும். பந்தயம் நடக்கும் கடல் அமைதியாகவும் பயிற்சி செய்யும் கடல் சீற்றமாகவும் இருக்கும் இந்த முரணைத் துணிச்சலால் தீர்க்க முயல்வது ஆபத்தானது. வாடைக் காலத்தில் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டங்கள் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். இயற்கைத் துறைமுகத்தின் உட்பகுதி அமைதியானதாயினும் அங்கே கடற்படையும் துறைமுக நிருவாகமும் இருப்பதால் நினைத்த இடத்தில் இறங்கி நீந்த முடியாது. குளங்கள் நிரம்பியிருந்தாலும் முதலை பயம் உண்டு; அவற்றை மாற்றாகக் கருதவே கூடாது.

எஞ்சுவது விடுதிகளின் சிறிய நீச்சல் தடாகங்களும் ரப்பர் பட்டியும்தான். சிறிய தடாகத்தில் அடிக்கடி திரும்பவேண்டியிருப்பதால் தொடர்ச்சியான கைவீச்சு அமையாது. இடுப்பில் இழுபட்டியைக் கட்டி அதன் மறுமுனையை ஏணியிலோ தூணிலோ பிணைத்து, நின்ற இடத்திலேயே 20 நிமிடங்கள் நீந்துவது அதைவிடப் பயன் தரும். ரப்பர் பட்டியை இழுத்துச் செய்யும் தோள் பயிற்சிகள் நீந்த முடியாத நாட்களில் அந்தத் தசைகளை விழிப்பாக வைத்திருக்கும். மேற்குக் கரையில் உறவினர் வீடு உள்ளவர்கள், பந்தயத்துக்கு முந்திய வார இறுதிகளில் ஒன்றை நீர்கொழும்பிலோ கொழும்பிலோ கழித்து, பாதுகாப்பான இடத்தில் இரண்டு முறையாவது கடலில் நீந்திவிடுவது நல்லது. தடாகத்தில் இல்லாத இரண்டு விடயங்களை அங்கே மீட்டெடுக்கலாம். ஒன்று, உப்பு நீர் உடலைக் கூடுதலாகத் தாங்குவதால் மாறும் கால்களின் நிலை. மற்றது, சில கைவீச்சுக்கு ஒரு முறை தலையை உயர்த்தித் திசை பார்க்கும் பழக்கம். உப்புவெளியிலிருந்து தெற்கு நோக்கி நீந்தும்போது கோணேசர் மலையைக் குறியாகக் கொண்டு பழகியவருக்கு, அலையில் ஆடும் ஒரு சிறிய மிதவையைத் தேடி நீந்துவது வேறோர் அனுபவம்.

ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவின் கோவாவுக்கோ மலேசியாவின் லங்காவிக்கோ பந்தயத்துக்காகச் செல்பவரின் நிலைமை வேறு. அவருடைய கடும்பயிற்சியின் பெரும்பகுதி, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நடந்து முடிந்திருக்கும். நீச்சலுக்குக் குறையே இல்லை. அவருக்குக் காற்றும் வெயிலுமே ஆசிரியர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட வெப்பக் காற்றாக இறங்குகிறது. உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி, புல்மோட்டை என்று கரையோரமாக வடமேற்கே செல்லும் தட்டையான வீதியில் அந்தக் காற்று போகும்போதும் வரும்போதும் பக்கவாட்டிலேயே அறையும். கந்தளாய் வீதி தென்மேற்கே செல்வதால், போகும்போது முகத்தில் அடித்து வரும்போது முதுகில் தள்ளும். ஆகவே கடைசி வாரங்களில் வேகத் துண்டுகளை எந்த வீதியில் செய்கிறோம் என்பதை வைத்தே அன்றைய பயிற்சியின் கடுமை மாறும். வேகமானியைப் பார்த்து மனம் சோராமல், மூச்சையும் இதயத்துடிப்பையும் அளவாகக் கொள்ள வேண்டும். கந்தளாய்க்கு அப்பால் ஹபரணைப் பக்கமாகச் செல்லும் காட்டுவழியில் விடியுமுன்னும் மாலை மங்கிய பின்னும் யானைகள் வீதியைக் கடப்பதால், அந்தப் பகுதியைக் கடைசி வாரங்களின் திட்டத்திலிருந்து நீக்கிவிடலாம்.

வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் நம்மவரிடையே ஒரு தவறான நம்பிக்கை உண்டு. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவருக்கு வெயில் ஒரு பொருட்டல்ல என்று நினைக்கிறோம். ஆனால் வேலைக்குச் செல்லவேண்டியிருப்பதால் இவர்கள் அதிகாலை நாலரைக்கும் ஏழு மணிக்கும் இடையிலேயே பயிற்சி செய்கிறார்கள். பந்தயத்திலோ சைக்கிளின் பிற்பகுதியும் ஓட்டமும் முற்பகல் பத்து மணிக்கும் பிற்பகலுக்கும் இடையில் வரும். வெயிலில் வாழ்வது வேறு, வெயிலில் கடுமையாக உழைப்பது வேறு. வெப்பத்தில் தொடர்ந்து உழைக்கும்போது ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, அதே வேகத்தில் ஓடும்போது இதயத்துடிப்பு முன்னைவிடக் குறைகிறது, வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, வியர்வையில் வெளியேறும் உப்பும் குறைகிறது. வெயிலில் உழைப்பதை விட்டுவிட்டால் அந்தப் பயன்கள் சில நாட்களிலேயே மெல்லக் குறையத் தொடங்கும். எனவே மொத்தப் பயிற்சி குறையும் இந்த வாரங்களில், விடுமுறை நாட்களிலாவது முற்பகல் பத்து மணிக்குப் பின் 30 முதல் 45 நிமிட மெதுவான ஓட்டத்தை வைத்துக்கொள்வது அவசியம். உப்புவெளிக் கரையோர வீதியோ மக்கெய்சர் விளையாட்டரங்கின் சுற்றுப்பாதையோ இதற்குப் போதும். அருகில் தண்ணீரும் துணைக்கு ஓர் ஆளும் இருக்க வேண்டும்; தலைச்சுற்றோ குளிர்நடுக்கமோ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்.

கச்சான் காற்றில் வியர்வை வடிவதற்கு முன்பே காய்ந்துவிடுவதால், எவ்வளவு இழந்தோம் என்பது தெரிவதில்லை. கறுப்பு உடுப்பில் வெள்ளையாகப் படியும் உப்புத்தான் அடையாளம். ஒரு மணித்தியாலப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் கணக்கு எளிதாகிவிடும்: இடையில் குடித்ததையும் சேர்த்துக்கொண்டால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. இந்த அளவைத் தெரிந்துகொண்டால் பந்தயத்தில் குறைவாகக் குடிப்பதையும், அதைவிட ஆபத்தான மிதமிஞ்சிக் குடிப்பதையும் தவிர்க்கலாம். பல மணித்தியாலங்கள் அளவுக்கு மீறி வெறுந்தண்ணீரைக் குடிப்பவரின் இரத்தத்தில் சோடியம், லீற்றருக்கு 135 மில்லிமோல் என்ற அளவுக்குக் கீழே இறங்கி, குமட்டல், குழப்பம், வலிப்பு என்று உயிராபத்து வரை போகக்கூடும்.

சாப்பாட்டில் நமது சமையலறை பெரிதும் உதவும். பந்தயத்துக்கு முந்திய 36 முதல் 48 மணித்தியாலங்களில், நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 12 கிராம் மாச்சத்து என்பது பரிந்துரை. 65 கிலோ எடையுள்ளவருக்கு அது குறைந்தது 650 கிராம். அதை முழுவதும் சோற்றிலேயே பெறுவதானால் இரண்டேகால் கிலோவுக்கு மேற்பட்ட சோறு உண்ண வேண்டும், யாராலும் முடியாது. ஆகவே வெள்ளை அரிசி இடியப்பம், பாணும் ஜாமும், வாழைப்பழம், சீனி சேர்த்த பழச்சாறு, பனங்கட்டி என்று பிரித்துச் சிறிது சிறிதாக நாள் முழுவதும் உண்ண வேண்டும். மற்ற நாட்களில் நன்மை செய்யும் குரக்கன் பிட்டு, தவிட்டுச் சிவப்பரிசிச் சோறு, பயறு, கீரை, ஒடியற்கூழ் ஆகியவை நார்ச்சத்து நிறைந்தவை என்பதால் இந்த இரண்டு நாட்களுக்கு விலக்கானவை. உறைப்பையும் பொரியலையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பந்தயத்தின்போது மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்தும், குளுக்கோசோடு பிரக்டோசும் கலந்திருந்தால் 90 கிராம் வரையும் குடல் ஏற்கும். ஆனால் அதற்குக் குடலையும் பழக்க வேண்டும். பந்தயத்தில் எதைக் குடிக்கப் போகிறோமோ அதை, ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசலானாலும் வெளிநாட்டு ஜெல்லானாலும், கடைசி நீண்ட சைக்கிள் ஓட்டங்களிலேயே குடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

நோய் ஒன்று வந்தால் இந்த வாரங்களின் திட்டம் முழுவதும் குலையும். வாடைக்கால மழையோடு டெங்கு வருவது நமது மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2017இல் கிண்ணியா பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். பந்தயம் நெருங்கும்போது காய்ச்சல் வந்தால் அதைச் சாதாரண தடிமன் என்று எண்ணி ஓடப் போகாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டெங்கு சந்தேகம் உள்ளபோது இபுபுறோபென் போன்ற வலிநிவாரணிகள் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுவதால் அவற்றைத் தொடவே கூடாது. காய்ச்சல் இல்லாதவரும் பந்தய நாளில் அவற்றை விழுங்குவதைத் தவிர்க்க வேண்டும். நீரிழப்போடு அவை சேரும்போது சிறுநீரகங்கள் பாதிக்கப்படலாம். பயிற்சி குறையும் நாட்களில் முழங்காலிலும் குதிக்காலிலும் தோன்றும் சிறு வலிகளில் பல, உடலைக் கவனிக்க நேரம் கிடைத்ததனால் தெரியவருபவை. ஓடும்போது கூடுகிற வலி எதுவோ அதற்கு மட்டும் வைத்தியரை நாடினால் போதும்.

பயிற்சி நூல்கள் பேசாத ஒன்று, இந்த வாரங்களில் விடுபடும் நேரத்தின் கதி. வாரத்துக்கு ஐந்தாறு மணித்தியாலங்கள் மீதமாகின்றன என்று வீட்டாருக்கும் அயலாருக்கும் தெரிந்தவுடன், பல மாதங்களாகத் தள்ளிப்போட்ட வேலைகளெல்லாம் அங்கே வந்து நிற்கும்: கலியாண வீட்டுப் பந்தல், கோயில் திருவிழாத் தொண்டு, பாடசாலைச் சிரமதானம், வீட்டுக் கூரை. இவற்றில் பாதியேனும் நியாயமானவை, ஏனெனில் அந்த மாதங்களின் அதிகாலைகளை விட்டுக்கொடுத்தவர்கள் வீட்டார்தான். ஆனால் நாள் முழுவதும் வெயிலில் நின்று பந்தற்கால் நடுவது, ஒரு நீண்ட ஓட்டத்துக்குச் சமமான களைப்பைத் தரும். தொழில்முறை வீரருக்குப் பயிற்சியைக் குறைத்தால் களைப்புக் குறையும். வேலையும் கடமையும் உள்ளவருக்கு மொத்தக் களைப்பையும் கணக்கிட்டாலன்றிக் குறையாது. பந்தயத் திகதியை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, இன்ன நாளுக்குப் பின் எந்த வேலைக்கும் வருவேன் என்று உறுதி கொடுத்து, அந்த உறுதியைக் காப்பாற்றுவதே முறை. மீதமாகும் நேரத்தில் முதற்பங்கு தூக்கத்துக்குரியது. பந்தயத்துக்கு முந்திய இரவில் தூக்கம் வராமல் போவது பெரும் தீங்கு செய்யாது, அதற்கு முந்திய ஒரு வாரத் தூக்கம் நன்றாக இருந்தால்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடற்கரை உப்பும் மணலும் செயினையும் பிறேக் கம்பிகளையும் அரிப்பதால் அவற்றைப் பத்து நாட்களுக்கு முன்பே மாற்றி, ஒரு நீண்ட ஓட்டத்தில் சோதித்துவிட வேண்டும். பந்தயச் சைக்கிளுக்குரிய ரியூபையும் ரயரையும் கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டி வரலாம் என்பதால், கடைசி வாரத்துக்கு அதை விட்டுவைக்கக் கூடாது.

பந்தய ஊருக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பே சென்றுவிடுவது நல்லது. முந்திய நாளில் 15 நிமிடச் சைக்கிள், 10 நிமிட ஓட்டம், இடையில் சில குறுகிய வேகத் துண்டுகள் போதும். பந்தய நாள் காலை உணவை ஏறத்தாழ மூன்று மணித்தியாலங்களுக்கு முன், பழகிய உணவாகவே உண்ண வேண்டும். அதன்பின் கவனிக்க வேண்டியது சைக்கிளின் முதல் ஒரு மணித்தியாலம். மூன்று வார ஓய்வுக்குப் பின் கால்கள் இலகுவாகச் சுழலும், மூச்சு வாங்காது, பக்கத்தில் செல்பவர்களை முந்திச் செல்லத் தோன்றும். அந்த ஒரு மணித்தியாலத்தில் பயிற்சியில் வகுத்த இதயத்துடிப்பு எல்லையைத் தாண்டாமல் ஓட்டி, முதல் 15 நிமிடங்களுக்குள் குடிக்கத் தொடங்கி, அடுத்தவர் முந்தினால் முந்தவிட வேண்டும்.